மலை ரோட்டுக்கு ஊர்ப் பங்கு கட்டலாமா? சேர்வராயன் கிராமங்களுக்கு ஒரு கணக்கு

சேர்வராயன் மலையில் இருக்கிற ஏற்காடு ஒன்றியத்தில் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகும் கிளை ரோடுகள் பலவும் ஒரே சாயல்தான். கொஞ்ச தூரம் தார் இருக்கும். அப்புறம் ஜல்லி பெயர்ந்த மேடுபள்ளம். கடைசியில் எஸ்டேட் வேலியை ஒட்டி ஒரு மண் தடம், அதன் முனையில் முப்பது நாற்பது வீடு. காப்பி மூட்டையும் மிளகும் அதில்தான் இறங்க வேண்டும். நெஞ்சுவலி என்று 108-ஐக் கூப்பிட்டால் தார் முடிகிற இடம்வரைதான் வண்டி வரும். மீதித் தூரம் ஆளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இப்படிப்பட்ட ரோட்டுக்காகக் கூட்டம் போடும்போதெல்லாம் ஊர் இரண்டாகப் பிரிகிறது. அரசாங்கமே முழுசாகப் போடட்டும், காத்திருப்போம் என்று ஒரு பக்கம். நம் பங்குக்குக் கொஞ்சம் பணம் கட்டிச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம் என்று இன்னொரு பக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பொருந்தாத திட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ரோடு போட்ட பிறகு அது எந்தத் துறையின் பதிவேட்டில் இருக்கும், ஐந்தாவது வருடம் குழி விழுந்தால் யாரிடம் போய் நிற்பது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ் ஓடக்கூடிய, இரண்டு ஊராட்சிகளை இணைக்கிற ரோடு என்றால் நெடுஞ்சாலைத் துறையிடம் சேர்ப்பிக்க முயலலாம். குக்கிராமத்தில் போய் முட்டி நிற்கிற ரோடு என்றால் ஊரக வளர்ச்சித் துறையின் முழு நிதித் திட்டத்துக்கு வரிசையில் நிற்பதே மேல். ஊர்ப் பங்கு கட்டுவதை ஒரு கல்வெர்ட் (தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் கட்டும் சிறு பாலம்), ஒரு தடுப்புச் சுவர், லோடு வண்டி திணறுகிற ஒரு செங்குத்து ஏற்றம் போன்ற துண்டு வேலைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மலையில் எல்லா ரோட்டையும் ‘கவர்மென்ட் ரோடு’ என்று சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் அப்படி இல்லை. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசுக்கு. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதை அந்தத் துறையின் கையில் இருக்கிறது. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, கிராம ஊராட்சிச் சாலை என்று இரண்டு. இவை ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் வருகின்றன. இந்த ஆறிலும் சேராத ஒன்று எஸ்டேட் ரோடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலம் தொட்டுத் தோட்டங்களுக்காக வெட்டிய தடங்களில் பல இன்றும் பட்டா நிலத்தில்தான் கிடக்கின்றன. பரம்பரையாக நாம் நடக்கிறோம் என்பதால் அது பொது ரோடு ஆகிவிடாது. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் சரி. இல்லையென்றால் நிலத்தின் சொந்தக்காரர் ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தராதவரை எந்த அரசுப் பணமும் அதில் ஏறக் கூடாது. எந்தத் திட்டம் என்று யோசிப்பதெல்லாம் இதற்கப்புறம்.

இனி முதல் வழி, ஊர்ப் பங்கு. நமக்கு நாமே திட்டம் 1997-98-இல் வந்தது. நடுவில் நின்று, 2007-08-இல் திரும்ப வந்து, 2011-12-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22-இல் மறுபடி பழைய பெயருக்கே வந்தது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். பாதிக்குக் குறையாமல் கட்டுகிறவர் வேலையைத் தானே எடுத்துச் செய்யவும் வழி உண்டு. அப்படிச் செய்தாலும் எஸ்டிமேட் போடுவதும் எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுவதும் ஒன்றிய இன்ஜினியர்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வெர்ட், பக்க வாய்க்கால், தடுப்புச் சுவர் எல்லாம் சேர்த்து ஒரு ரோட்டுக்கு எஸ்டிமேட் 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு 33 லட்சத்துச் சொச்சம். நாற்பது வீடு இருக்கிற ஊரில் வீட்டுக்கு 83 ஆயிரம். ஐந்தில் ஒரு பங்கு என்றாலும் 20 லட்சம், வீட்டுக்கு 50 ஆயிரம். அரை ஏக்கர் காப்பியும் நூறு மிளகுக் கொடியும் வைத்திருக்கிற, இந்த மலையின் பழங்குடியான மலையாளிக் குடும்பத்தால் இதைக் கட்ட முடியாது. சேலத்தில் ஐந்து ரோடு சந்திப்பில் 441 கோடியில் ஈரடுக்கு மேம்பாலம் கட்டி 2020-இல் திறந்தார்கள். சூரமங்கலத்துக்காரரிடமோ ஃபேர்லேண்ட்ஸ்காரரிடமோ யாரும் மூன்றில் ஒரு பங்கு கேட்கவில்லை. மலைக்கிராமத்துக்காரனிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஆகவே பணம் கட்டப்போவது எஸ்டேட், அல்லது ரிசார்ட். அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இப்படி ஒரு பேச்சு நடந்தபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். எஸ்டேட் ரைட்டர் எழுந்து, “எங்க மொதலாளி மூணுல ஒரு பங்கு போடறதுக்குத் தயாரா இருக்காருங்க. ஊர்ல தீர்மானம் மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: “போடறோம் ரைட்டர் சார். அந்த கேட்டு? ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டிப் போடறீங்களே, அதை எடுத்துருவீங்களா?” ரைட்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அது செக்யூரிட்டிக்காகங்க, மொதலாளிகிட்டக் கேட்டுச் சொல்றேன்” என்றார். கேட்டுச் சொல்ல அவர் திரும்ப வரவில்லை. அரசு மூன்றில் இரண்டு பங்கு போட்ட ரோட்டில் தனியார் கேட் நிற்க முடியாது என்பது அந்தப் பெரியவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பணம் இருக்கிறவர் மூன்றில் ஒன்றை எடுத்து வைத்தால், அரசின் மூன்றில் இரண்டு அவர் வாசலைத் தேடிப் போகிறது. எந்த ரோடு முதலில் என்று ஊர் எழுதி வைத்திருந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடும். ரிசார்ட் வரைக்கும் பளபளவென்று தார், அதைத் தாண்டி முந்நூறு மீட்டரில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பழைய ஜல்லி என்கிற காட்சி இப்படித்தான் உருவாகிறது. பங்கு கொடுப்பவரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் வேலை அவர் வாசலில் முடியாமல் கடைசி வீடுவரை போவதாக எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் தீர்மானம் போடக் கூடாது.

இன்னொரு சங்கடம் வெளியில் தெரியாதது. ஒரு ரோட்டில் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் ஊர்ப் பங்கில் தார் போட்டுவிட்டால், அந்தத் துண்டு ‘சமீபத்தில் போட்டது’ என்று பதிவாகிவிடும். பெரிய திட்டத்துக்குப் பட்டியல் எடுக்கும்போது அதைச் சேர்க்க மாட்டார்கள். மீதியை மட்டும் எடுத்தால் நீளம் சின்னதாகி, மொத்த ரோடுமே பின்னால் தள்ளப்படும். காசு கட்டி வரிசையில் கடைசிக்குப் போன கதை.

இப்போது இரண்டாவது வழி. கிராமச் சாலைக்கு முழுப் பணமும் மேலிருந்தே வருகிற திட்டங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம். 2000 டிசம்பர் 25-இல் தொடங்கியபோது மொத்தச் செலவும் மத்திய அரசுடையது. 2015-16 முதல் மத்திய அரசு 60, மாநில அரசு 40. ஊர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. போட்ட கான்ட்ராக்டரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்தது அந்த ஐந்து வருடம்தான்.

ஆனால் உள்ளே நுழைவது கஷ்டம். குடியிருப்பில் 500 பேர் இருக்க வேண்டும் என்பது சமவெளிக் கணக்கு. மலை மாநிலங்களுக்கும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250. ஏற்காடு மலைதானே, பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிதானே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவுமே அறிவிக்கப்படவில்லை. அதனால் சேர்வராயன் உச்சியில் இருந்தாலும் நமக்குச் சமவெளிக் கணக்குத்தான். 100 பேர் இருந்தாலே ரோடு தருகிற பி.எம். ஜன்மன் திட்டம் தோடர், இருளர், காட்டுநாயக்கர் போன்ற மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கானது. மலையாளி மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மிச்சம் இருக்கிற ஒரே சலுகை, மலைப்பகுதியில் 1.5 கிலோமீட்டர் பாதைத் தூரத்துக்குள் இருக்கிற குடியிருப்புகளின் ஜனத்தொகையைச் சேர்த்து எண்ணலாம் என்கிற விதி. மேலூர், கீழூர், காலனி என்று தனித்தனியாக மனுக் கொடுத்துத் தோற்பதைவிட மூன்றையும் ஒரே கொத்தாகக் காட்டிக் கேட்பது புத்திசாலித்தனம்.

மற்றொன்று மாநில அரசின் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம். 10,000 கிலோமீட்டர், சுமார் 4,000 கோடி என்று 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஏற்கெனவே ஒன்றியப் பதிவேட்டில் இருக்கிற, பழுதான ரோட்டுக்கு இதுதான் நேர் வழி. ஊர்ப் பங்கு கிடையாது. பட்டியல் தயாராகும்போது நம் ரோட்டின் பெயர் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது இருக்க வேண்டுமென்றால் பதிவேட்டில் நீளமும் தொடக்கமும் முடிவும் சரியாக ஏறியிருக்க வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் போய் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுத்துவிடுவது. ஒன்றியச் சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தினால் அது நிரந்தரமாக அவர்கள் பொறுப்பு. ரோடு இன்ஸ்பெக்டர் இருப்பார், சாலைப் பணியாளர்கள் இருப்பார்கள், மழைக்கு முன்னால் வாய்க்கால் தூர் எடுப்பதற்கு ஆள் வரும். மண் சரிந்தால் ஜே.சி.பி.க்கு ஒன்றியத்தில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தபோது இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்த்தோம். மெயின் பாதைக்கு உடனே ஆளும் வண்டியும் வந்தன. கிளை ரோட்டில் விழுந்த மண்ணை ஊரே மண்வெட்டி எடுத்து அள்ளியது.

இவ்வளவு இருந்தும் எல்லா ரோட்டுக்கும் இதை நான் சொல்லமாட்டேன். முதல் காரணம் அகலம். ஊராட்சி ரோட்டுக்குத் தார் அகலம் 3.75 மீட்டர் போதும். நெடுஞ்சாலைத் துறை எடுத்தால் இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு 5.5 மீட்டர் இடைநிலைத் தடம் என்று கேட்பார்கள். பஸ்ஸும் லாரியும் எதிரெதிரே ஒதுங்க அது வேண்டும்தான். ஆனால் மலையில் அகலம் என்பது மேல்பக்கச் சரிவை வெட்டுவது. இரண்டு மீட்டர் வெட்டினால் அதற்கு மேலே நிற்கிற சில்வர் ஓக்கின் வேர் வெளியே தெரியும், அடுத்த ஐப்பசியில் அந்த மரத்தோடு மண்ணும் ரோட்டில் கிடக்கும். வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் கட்டும்வரை ஊருக்கு நிம்மதி கிடையாது. நாற்பது வீட்டுக்காக ஒரு மலைச்சரிவைத் திறந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது, ஓரம். 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி சாலையின் எல்லை, கட்டட எல்லைக்கோடு எல்லாம் துறை வரையறுத்துவிடலாம். ரோட்டோரம் மிளகு, காப்பித்தூள், கொய்யா விற்கிற தட்டுக்கடைகள் அன்றிலிருந்து ஆக்கிரமிப்பு. குடிநீர்க் குழாய் போட ஒரு இடத்தில் ரோட்டைக் குறுக்கே வெட்ட வேண்டுமென்றாலும் துறையிடம் அனுமதி வாங்கி, மறுசீரமைப்புக் கட்டணம் கட்டி, அப்புறம்தான் கடப்பாரை. சின்ன விஷயம் போலத் தெரியும். கோடையில் குழாய் உடைந்து கிடக்கும்போது அப்படித் தெரியாது.

இங்கே ரயில்வே மேம்பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேட் அடைத்து நின்று பழகிய சேலத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு நாளில் போகிற ரயில்களின் எண்ணிக்கையை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். தண்டவாளத்துக்கு மேலே ரயில்வே கட்டும். இருபக்க ஏற்றமும் நிலமும் மாநிலத்துடையது. நிலம் எடுப்பது தாமதமானால் நடுத்துண்டு மட்டும் ஆகாயத்தில் நிற்கும். பாதிப் பாதி என்று காகிதத்தில் அழகாக இருக்கிற பங்கீடு, யார் முதலில் எதைச் செய்வது என்று எழுதாததால் வருடக்கணக்கில் நின்றுபோவதை ஊர் ஊராகப் பார்க்கலாம். ஊர்ப் பங்கு ரோட்டுக்கும் இது பொருந்தும். பணம் தயார், தானப் பத்திரம் தயாரில்லை என்றால் கட்டிய டி.டி. கலெக்டர் அலுவலகக் கோப்பில் தூங்கும்.

நான்காவது வழி எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி. எம்.எல்.ஏ.வுக்கு வருடத்துக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. ஊர்ப் பங்கு இல்லை, ஒரு பரிந்துரைக் கடிதத்தில் வேலை நகரும். ஆனால் ஏற்காடு தொகுதி மலையோடு முடிவதில்லை. கீழே அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கமும் அதில்தான், ஓட்டும் அங்கேதான் அதிகம். எம்.பி. விஷயம் இன்னும் வேடிக்கை. சேலத்துக்காரர் என்று நினைத்துச் சேலம் எம்.பி. அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகிறது. எம்.பி. நிதியில் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்குப் போக வேண்டும் என்று விதி இருப்பதைக் கடிதத்தில் குறிப்பிட்டுக் கேட்டால் மறுப்பது அவ்வளவு சுலபமில்லை. கல்வெர்ட்டுக்கும் சிமென்ட் ரோட்டுத் துண்டுக்கும் இது நல்ல வழி. இரண்டு கிலோமீட்டரை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

எந்த வழியில் போனாலும் நடுவில் ரிசர்வ் காடு வந்தால் கணக்கு மாறும். வன உரிமைச் சட்டம் 2006-இன் பிரிவு 3(2) இங்கே பெரிய உதவி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரையோடு ரோட்டுக்குக் கிடைக்கும். ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். வாய்க்காலோடு சேர்த்து 6 மீட்டர் அகலம் என்று வைத்தால் ஆயிரத்து அறுநூறு மீட்டர் சொச்சம் நீளம் வரும். பெரும்பாலான கிளை ரோடுகளின் காட்டுத் துண்டு அதற்குள் அடங்கிவிடும். அகலத்தை 9 மீட்டராக்கினால் ஆயிரத்து நூறு மீட்டரிலேயே தீர்ந்துவிடும். குறுகலான ஊராட்சி ரோடே போதும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்று கவனிக்க வேண்டும்: இந்தப் பிரிவு அரசு நிர்வகிக்கும் வசதிகளுக்கானது. எஸ்டேட் தன் சொந்தத் தேவைக்கு இதைக் காட்டிக் காட்டுக்குள் ரோடு போட முடியாது.

மலை ரோட்டைத் தின்பது தண்ணீர். டயர் தேய்த்து அழிகிற தார் குறைவு. வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடி, அடிப்பக்கம் ஊறிப் போகிற தார்தான் அதிகம். எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டுப்படுவதும் வாய்க்கால்தான். ஊர்ப் பங்கு வேலைகளில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் எஸ்டிமேட் குறைந்தால் நம் மூன்றில் ஒன்றும் குறையும் என்று நாமே தலையாட்டிவிடுகிறோம். ஐந்து லட்சம் மிச்சம் பிடித்த ரோடு இரண்டு மழையைத் தாங்காது. ஊராட்சிக்கு அதைத் திரும்பப் போடப் பணம் ஏது? மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று வருகிறது, அது தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கரண்ட் பில்லுக்குமே சரியாகப் போய்விடும்.

ஆகவே காட்டு முனையில் நிற்கிற ஊர்களுக்கு நான் சொல்வது, மூன்று குடியிருப்பைச் சேர்த்து முழு நிதித் திட்டத்துக்கு மனு, அதுவரை வண்டி ஏற முடியாத அந்த ஒரு ஏற்றத்துக்கும் கல்வெர்ட்டுக்கும் எம்.பி. அல்லது எம்.எல்.ஏ. நிதி. அதுவும் கிடைக்காவிட்டால் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வழி, அதுவும் எஸ்டேட் தானப் பத்திரம் எழுதிய பிறகு. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் போல ஊராட்சி விட்டு ஊராட்சி போகிற ரோடுகளுக்கு நெடுஞ்சாலைத் துறை.

2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்தில் நாளைக்கு யார் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி தீர்மானப் புத்தகம் ஒன்றுதான். எனவே தீர்மானத்தில் ரோட்டின் தொடக்கம், முடிவு, புல எண்கள், கடைசி வீடுவரை வேலை, வாய்க்காலும் கல்வெர்ட்டும் எஸ்டிமேட்டில் சேர்ந்தது, கேட் இருக்காது, பங்கு கட்டுபவர் யார், முடிந்த பிறகு எந்தத் துறையின் பதிவேட்டில் ஏறும் என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை. நவம்பர் 1 கூட்டத்தில் வைக்க வேண்டுமென்றால் வி.ஏ.ஓ.விடம் புலப்படத்தைச் செப்டம்பரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் சர்வேயர் மேலே வரமாட்டார்.